மெல்லிசு லேப்டாப்: எதை விட்டு எதை வாங்குவது?

வேலந்தாவளத்திலிருந்து தினமும் கோவைக்கு பஸ் ஏறும் கல்லூரி மாணவர், சித்தூர் தாலுகாவிலோ தேவிகுளம் தாலுகாவிலோ தமிழ் மீடியம் பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அக்ஷயா மையம் நடத்துபவர், புற்றடி ஏல மையத்துக்கும் போடிக்கும் போய்வரும் ஏலக்காய் வியாபாரி. இவர்களில் யாரோ ஒருவர் நீங்கள் என்று வைத்துக்கொண்டுதான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். கையில் அறுபது, எழுபதாயிரம் ரூபாய் இருக்கிறது. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் மெல்லிசு லேப்டாப் மேல் ஒரு கண்ணும் இருக்கிறது. ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் மில்லிமீட்டர் ஒவ்வொன்று குறையும்போதும் உள்ளேயிருந்து ஏதோ ஒன்று வெளியே போகிறது. போவது உங்களுக்கு வேண்டாததா, வேண்டியதா என்பதைப் பணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

தடிமன் குறைந்தால் எடையும் குறையும் என்று பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். அப்படி எந்தச் சட்டமும் இல்லை. 2022இல் வந்த மேக்புக் ஏர் 11.3 மில்லிமீட்டர் தடிமன், 1.24 கிலோ. 2023இன் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் ஏறக்குறைய 15 மில்லிமீட்டர், எடை 1.12 கிலோவில் தொடங்குகிறது. தடிமனானது லேசாக இருக்கிறது. கூடவே பழைய வகை யு.எஸ்.பி. வாய் இரண்டு, எச்.டி.எம்.ஐ. ஒன்று என்று எல்லாவற்றையும் வைத்துக்கொண்டிருக்கிறது. வந்தபோது இரண்டுமே நம் பட்ஜெட்டுக்கு மேலே போனவை, கணக்குக்காகத்தான் சொல்கிறேன்.

பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது தோளுக்குத் தெரிவது எடை மட்டும்தான். தடிமன் கடையில் கண்ணுக்குத் தெரியும், வீட்டுக்கு வந்த மறுவாரமே மறந்துபோகும். ஆகவே விளம்பரத்தில் முதலில் பார்க்க வேண்டிய எண் கிலோ. மில்லிமீட்டரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எடையிலும் ஒரு சூட்சுமம் உண்டு: விளம்பரத்தில் சார்ஜர் எடையைச் சேர்ப்பதில்லை. சார்ஜர், ஹப், வயர் எல்லாம் சேர்த்து அரைக் கிலோ வந்துவிட்டால் மெல்லிசு வாங்கியதற்கு அர்த்தமே இல்லை.

இந்த மோகம் எங்கே தொடங்கியது

தெரிந்துகொண்டால் கடைக்காரர் பேச்சுக்கு மயங்கமாட்டீர்கள் என்பதற்காக, சுருக்கமாக.

2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு தபால் உறைக்குள்ளிருந்து முதல் மேக்புக் ஏரை உருவினார். ஒரே ஒரு யு.எஸ்.பி., லேன் இல்லை, டி.வி.டி. இல்லை, பேட்டரியைக் கழற்ற முடியாது. அதே 2008இல் லெனோவோ எக்ஸ்300 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. டி.வி.டி. டிரைவ், மூன்று யு.எஸ்.பி., லேன், கழற்றக்கூடிய பேட்டரி எல்லாம் இருந்தும் அதுவும் மெலிந்த லேப்டாப்தான். உலகம் நினைவில் வைத்துக்கொண்டது உறையிலிருந்து வந்ததை.

2011இல் இன்டெல் ‘அல்ட்ராபுக்’ என்ற பெயருக்கு அளவு வகுத்தது. 13.3 இன்ச் திரைக்கு 18 மில்லிமீட்டர், 14 இன்ச்சும் அதற்கு மேலும் என்றால் 21 மில்லிமீட்டர். பழைய லேப்டாப் பேட்டரிக்குள் இருந்த உருளை செல்லின் விட்டமே 18 மில்லிமீட்டர். செல்லே அவ்வளவு என்றால், திரையையும் கீபோர்டையும் எங்கே வைப்பது? அதனால் தட்டையான பை வடிவச் செல் உள்ளே வந்தது, கொக்கியைத் தள்ளிக் கழற்றும் பேட்டரி போயிற்று.

2015இல் ஆப்பிள் 13.1 மில்லிமீட்டரில் ஒரே ஒரு டைப்-சி வாயோடு 12 இன்ச் மேக்புக் கொண்டுவந்தது. அதன் கீபோர்டு தூசி பட்டாலே மக்கர் செய்தது. 2018இல் இலவசமாகச் சரிசெய்து தரும் திட்டத்தை கம்பெனியே அறிவிக்க வேண்டியதாயிற்று. 2021இல் அதே கம்பெனி தன் பெரிய மேக்புக் ப்ரோவில் எச்.டி.எம்.ஐ.யையும் எஸ்.டி. கார்டு வாயையும் திரும்ப வைத்தது. செய்தவர்களே பாதி வழியில் திரும்பி வந்துவிட்டார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போகுமுன் வீட்டில் செய்ய வேண்டியது

1. ஒரு வாரத்துக்கு, லேப்டாப்பில் எதையெல்லாம் செருகுகிறீர்கள் என்று எழுதி வையுங்கள். பென்டிரைவ், பிரின்டர், ப்ரொஜெக்டர், கைரேகை ஸ்கேனர், லேன் வயர், கேமரா கார்டு. சொந்த லேப்டாப் இல்லையென்றால் நண்பருடையதையோ அலுவலகத்துடையதையோ பார்த்து எழுதுங்கள்.

2. எந்த இடத்தில் உட்கார்ந்து வேலை செய்வீர்கள் என்று எழுதுங்கள். ஃபேனுக்கு அடியிலா, ஏ.சி.யிலா, தகரக் கூரைக்குக் கீழேயா, லயத்து வீட்டு வராந்தாவிலா? இது சில்லறைக் கேள்வி இல்லை. அடுத்த பகுதி முழுவதும் இதைப் பற்றித்தான்.

3. கரண்ட் போனால் அதிகபட்சம் எத்தனை மணி நேரம் போகும் என்று குறித்துக்கொள்ளுங்கள். சராசரி வேண்டாம், மழைக்காலத்தின் மோசமான நாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

4. கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் பின்கோடைப் போட்டுப் பாருங்கள். வீட்டுக்கு ஆள் வந்து பார்க்கும் சர்வீஸ் உங்கள் ஊருக்கு உண்டா, இல்லை நீங்களே தூக்கிக்கொண்டு போக வேண்டுமா?

இந்த நான்கு விடையும் கையில் இல்லாமல் கடைக்குப் போகிறவர் கடைக்காரருக்கு எது விற்க வேண்டுமோ அதை வாங்கி வருவார்.

பாலக்காட்டில் ஒரு லேப்டாப், மூணாற்றில் வேறு லேப்டாப்

மெல்லிசு லேப்டாப்பில் முதலில் அடிபடுவது வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடு. உள்ளே இடம் குறைந்தால் ஃபேன் சின்னதாகும், அல்லது ஃபேனே இருக்காது. ஃபேன் இல்லாத லேப்டாப்பில் உடம்பின் உலோகமே சூட்டை வெளியே விட வேண்டும். வெளிக்காற்று சூடாக இருந்தால் அது விடாது. அப்போது ப்ராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். வீடியோ கால் திக்கும், எக்செல் யோசிக்கும், நீங்கள் இன்டர்நெட்டைத் திட்டுவீர்கள்.

பெரும்பாலான கம்பெனிகள் தங்கள் லேப்டாப்பை 35 டிகிரி வரையிலான சூழலில் இயக்கச் சொல்கின்றன. பெட்டிக்குள் இருக்கும் சின்னத் தாளில் அச்சடித்திருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. பாலக்காட்டில் மார்ச் முதல் மே வரை பகலில் இந்த எல்லை சாதாரணமாகத் தாண்டும். 2024 ஏப்ரல் கடைசியில் 41 டிகிரியைத் தாண்டி, வானிலைத் துறை மாவட்டத்துக்கு வெப்ப அலை எச்சரிக்கையே விட்டது. கணவாய் வழியாக வரும் காய்ந்த காற்று தூசியையும் கொண்டுவருகிறது. மெல்லிசு ஃபேனின் சீப்புப் பல் போன்ற இடுக்குகளில் அந்தத் தூசி படிந்தால், ஃபேன் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

மூணாறு, வட்டவடை, காந்தலூர் பக்கம் கதையே தலைகீழ். அங்கே ஃபேன் இல்லாத லேப்டாப் ஜோராக ஓடும். சத்தமில்லை, தூசி உறிஞ்சுவதில்லை, சூட்டுப் பிரச்சினையும் இல்லை. ஆனால் அங்கே வேறு மூன்று வில்லன்கள்: ஜூன் தொடங்கி விடாத ஈரம், மரம் விழுந்து நாள் கணக்கில் போகும் கரண்ட், கைக்கெட்டாத சர்வீஸ் சென்டர்.

ஆகவே என் சிபாரிசு இப்படி:

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம், வாளையாறு, கஞ்சிக்கோடு: ஃபேன் உள்ளதாகவே வாங்குங்கள். 16 முதல் 19 மில்லிமீட்டர் வரை தயங்காமல் போகலாம். காற்று உறிஞ்சும் துளை அடிப்பக்கம் மட்டும் இருந்தால் மெத்தை மேலும் மடி மேலும் வைத்து வேலை செய்ய முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மூணாறு, மறையூர், பூப்பாறை, நெடுங்கண்டம், குமுளி, வண்டிப்பெரியாறு: ஃபேன் இல்லாததை யோசிக்கலாம். ஆனால் பேட்டரியில் விட்டுக்கொடுக்காதீர்கள். மழைக்காலத்தில் லேப்டாப்பைத் தோல் பைக்குள் நாள் கணக்கில் மூடி வைக்காதீர்கள்; பையில் பூஞ்சை பிடிக்கும், ஈரம் போர்ட்டுக்குள் இறங்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு வையுங்கள், தினமும் ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள். அந்தச் சூடே உள்ளிருக்கும் ஈரத்தை விரட்டும்.

*குறிப்பு:* கோவையிலோ பாலக்காடு டவுனிலோ ஷோரூமில் ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும். அங்கே கையில் தொட்டுப் பார்த்து ‘சூடே ஆகலையே’ என்று முடிவு கட்டாதீர்கள். முடிந்தால் ஏப்ரல், மே மாதத்தில் அதே மாடலை வைத்திருப்பவர் ஒருவரைக் கேளுங்கள். அவர் சொல்வது எந்த ரிவ்யூவையும்விட உங்களுக்கு உதவும்.

போர்ட்: இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்

சாதாரண லேன் சாக்கெட்டின் உயரமே 12 மில்லிமீட்டர் அளவில் வரும். 11 மில்லிமீட்டர் லேப்டாப்பில் அது நுழையவே நுழையாது. சில கம்பெனிகள் வாய் பிளந்து விரியும் மாதிரி ஒரு லேன் சாக்கெட் வைக்கின்றன. அந்தக் கீழ்த்தாடைதான் முதலில் உடையும். டைப்-சி வாய் 3 மில்லிமீட்டர் அளவில் அடங்கிவிடுகிறது. அதனால்தான் மெல்லிசு லேப்டாப்களில் அது மட்டும் மிஞ்சுகிறது.

அக்ஷயா மையம் நடத்துபவருக்கு இது நேரடியாக வயிற்றில் அடிக்கும் விஷயம். 2002இல் மலப்புறத்தில் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய திட்டம் இன்று சான்றிதழ், ஆதார், பென்ஷன், ரேஷன் கார்டு என்று எல்லாவற்றுக்கும் வாசலாகியிருக்கிறது. மேஜையில் எப்போதும் கைரேகை ஸ்கேனர், பிரின்டர், வெப்கேம், வாடிக்கையாளர் நீட்டும் பென்டிரைவ். எல்லாம் பழைய வகை யு.எஸ்.பி. இரண்டு டைப்-சி வாய் மட்டும் உள்ள லேப்டாப்பை அங்கே வைத்தால், ஒன்றில் சார்ஜர், மற்றதில் ஹப், ஹப்பில் நாலு வயர் தொங்கும். ஹப் ஒருமுறை ஆடினால் ஸ்கேனர் துண்டிக்கும். வரிசையில் நிற்கும் பாட்டி மறுபடியும் விரல் வைக்க வேண்டும். மையத்துக்கு மெல்லிசு வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கையோடு தூக்கிப் போகாத லேப்டாப்பில் மெலிவுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

ஆசிரியர்களுக்கு விஷயம் கொஞ்சம் சுலபம். கேரளத்தின் ஹைடெக் பள்ளித் திட்டத்தில் 45,000 வகுப்பறைகளுக்கு ப்ரொஜெக்டரும் லேப்டாப்பும் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே உங்களுக்கு வேண்டியது எச்.டி.எம்.ஐ. ஒன்று, யு.எஸ்.பி. ஒன்று. இரண்டும் 15, 16 மில்லிமீட்டர் லேப்டாப்பில் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அந்தத் திட்டத்தை நடத்தும் கைட் நிறுவனம் பள்ளிகளுக்குத் தருவது லினக்ஸ். அதையே உங்கள் சொந்த லேப்டாப்பிலும் போட நினைத்தால், இப்போதுதான் வெளிவந்த புத்தம் புது மாடலைத் தவிர்த்து ஒரு வருடப் பழைய மாடலாகப் பாருங்கள். புது மாடலில் வைஃபையோ சவுண்டோ லினக்ஸில் சட்டென்று எழுந்திருக்காமல் போவது சகஜம்.

செருகும் விஷயத்தில் மூன்று எச்சரிக்கைகள்:

1. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு டைப்-சி வாயில் ஒன்று டேட்டாவுக்கு மட்டும் இருக்கலாம். சார்ஜ், படம், டேட்டா மூன்றும் எந்த வாயில் ஓடும் என்று மாடல் எண்ணை வைத்து கம்பெனி தளத்தில் பாருங்கள்.

2. ஹப் வழியாகச் சார்ஜ் போட்டால், ஹப் தனக்கென்று பத்து, பதினைந்து வாட் எடுத்துக்கொள்ளும். 45 வாட் சார்ஜரை ஹப்பில் போட்டுவிட்டு ‘சார்ஜ் ஏறவில்லை’ என்று லேப்டாப்பைக் குறை சொல்லாதீர்கள். 65 வாட் சார்ஜர் வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஸ்நாப்டிராகன் ப்ராசசர் போட்ட மெல்லிசு விண்டோஸ் லேப்டாப்கள் 2024 முதல் அதிகமாக வருகின்றன. பேட்டரி நன்றாக நிற்கும். ஆனால் பழைய பிரின்டர், கைரேகை ஸ்கேனர் ஆகியவற்றின் டிரைவர் அந்த ப்ராசசருக்கென்று தனியாக எழுதப்பட்டிருந்தால்தான் ஓடும். உங்கள் ஸ்கேனரின் மென்பொருள் அதில் ஓடுமா என்று ஸ்கேனர் விற்றவரிடம் கேட்டு உறுதி செய்யாமல் வாங்காதீர்கள்.

பேட்டரிக் கணக்கு: ஒரு வகுத்தல் போதும்

‘18 மணி நேரம்’ என்று ஸ்டிக்கரில் இருக்கும். திரை வெளிச்சத்தைக் குறைத்து ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டி எடுத்த கணக்கு அது. நீங்கள் பார்க்க வேண்டியது வாட்-அவர்.

1. பேட்டரி எத்தனை வாட்-அவர் என்று பாருங்கள். மெல்லிசுகளில் 40 முதல் 60க்குள் இருக்கும்.

2. டைப் செய்வது, பிரவுசரில் படிப்பது போன்ற வேலைக்கு 8 வாட் என்றும், வீடியோ காலுக்கு 15 வாட் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

3. வகுங்கள். 50 வாட்-அவர் என்றால் எழுத்து வேலைக்கு ஆறு மணி நேரம் சொச்சம், ஆன்லைன் வகுப்புக்கு மூன்று மணி நேரம் சொச்சம்.

4. இரண்டு வருடம் கழித்து இதில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும் என்று கழித்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டு வெயிலில் இன்னும் கொஞ்சம் கழியுங்கள். சூடு பேட்டரியைச் சீக்கிரம் கிழடாக்கும்.

மிஞ்சியது உங்கள் மோசமான கரண்ட் கட்டைத் தாங்கினால் சரி. தாங்காவிட்டால் டைப்-சியில் சார்ஜ் ஏறும் லேப்டாப்பாகப் பார்த்து, 65 வாட் கொடுக்கும் பவர் பேங்க் ஒன்று சேர்த்து வாங்குங்கள். 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் என்பது 74 வாட்-அவர். வழியில் வீணாவது போக 60 சொச்சம் லேப்டாப்புக்குள் ஏறும். கிட்டத்தட்ட ஒரு முழு சார்ஜ். இதையும் தூக்கிச் சுமக்க வேண்டுமே என்கிறீர்களா? வீட்டிலேயே இருக்கட்டும். மலையில் மழைக்காலத்துக்கு இது மெழுகுவர்த்தி மாதிரி, தேவைப்படும்போது எடுத்தால் போதும். விமானத்தில் போகிறவர்கள் 100 வாட்-அவருக்கு மேல் உள்ள பவர் பேங்கை வாங்க வேண்டாம்.

கீபோர்டு

சாவி கீழே இறங்கும் ஆழம் 1.5 மில்லிமீட்டர் இருந்தால் நிம்மதி. 1 மில்லிமீட்டருக்கு வந்தால் மேஜையில் விரலைத் தட்டுகிற மாதிரி இருக்கும். தமிழ்99இல் நாள் முழுக்க எழுதுகிறவர்கள் கடையிலேயே ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள், கடைக்காரர் முகம் எப்படிப் போனாலும் சரி. இன்னொன்று: மெல்லிசுகளில் கீபோர்டைத் தனியாக மாற்ற முடியாதபடி மேல் தகட்டோடு சேர்த்து அறைந்திருப்பார்கள். ஒரு சாவி போனால் முழுத் தகடும் மாற்ற வேண்டும். கீபோர்டுக்கு நேர் கீழேதான் மதர்போர்டு. தேயிலை நாட்டில் இருந்துகொண்டு லேப்டாப் பக்கத்தில் டீ வைக்காதீர்கள் என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? குறைந்தபட்சம் திரைக்குப் பின்னால் வையுங்கள்.

ரேமும் சர்வீஸும்

ரேம் மதர்போர்டிலேயே சோல்டர் செய்யப்பட்டிருந்தால் பிறகு கூட்ட முடியாது. மெல்லிசுகளில் பெரும்பாலும் அப்படித்தான். ஆகவே 8 ஜி.பி. வாங்கிவிட்டுப் ‘பிறகு ஏத்திக்கலாம்’ என்ற பேச்சே வேண்டாம், 16 ஜி.பி.யாகவே வாங்குங்கள். அதற்குப் பணம் போதவில்லையா? இரண்டு மில்லிமீட்டர் தடிமனான மாடலுக்குப் போங்கள். அதில் ஒரு ரேம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அடுத்த வருடம் போட்டுக்கொள்ளலாம். எஸ்.எஸ்.டி. பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்பில் கழற்றி மாற்றக்கூடியதுதான். ஆனால் நீளம் மாறும். கட்டையான வகை என்றால் கடைகளில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சர்வீஸ் விஷயத்தில் எல்லையில் இருப்பவருக்கு ஒரு வசதி: இரண்டு பக்கமும் வாசல் திறந்திருக்கிறது. கொழிஞ்சாம்பாறைக்காரருக்குப் பாலக்காடும் கோவையும், மறையூர்க்காரருக்கு உடுமலைப்பேட்டையும், பூப்பாறைக்காரருக்கு போடியும் தேனியும். இந்தியாவுக்குள் வாங்கிய பெரிய பிராண்டுகளின் கம்பெனி வாரண்டி பொதுவாக மாநில எல்லை பார்ப்பதில்லை. கடைக்காரர் தானாகச் சேர்த்துத் தரும் ‘எக்ஸ்ட்ரா வாரண்டி’க்கு அந்த உத்தரவாதம் கிடையாது, அவர் ஊர் வரை போக வேண்டியிருக்கும். மலையில் இருப்பவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வீட்டுக்கு வரும் சர்வீஸ் எடுங்கள். மெல்லிசு லேப்டாப்பை உள்ளூரில் யாரிடமாவது கொடுத்துத் திறப்பது, அந்த மாடலை அவர் முன்பு திறந்திருந்தால் ஒழிய, ஆபத்து.

கடையில் இருபது நிமிடம்

1. சொந்த பென்டிரைவ், சொந்த எச்.டி.எம்.ஐ. வயர், உங்கள் ஸ்கேனர் இருந்தால் அது, மூன்றையும் கையோடு கொண்டு போங்கள். செருகிப் பாருங்கள்.

2. கேளுங்கள். பாலக்காட்டுக் கடை என்றால், “சேட்டா, இதுல ரேம் போர்டோட ஒட்டினதா, ஸ்லாட் உண்டா?” கோவை என்றால், “அண்ணா, இந்த மாடலோட பேட்டரி எத்தனை வாட்-அவர்?” பதில் சட்டென்று வராவிட்டால் அவரையே கம்பெனி தளத்தில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

3. மூடிய லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கம் பாருங்கள். ஸ்க்ரூ சாதாரண நட்சத்திரமா, ஐந்து முனை, ஆறு முனை உள்ள விசேஷ வகையா? ரப்பர் காலுக்கு அடியில் ஸ்க்ரூ ஒளிந்திருக்கிறதா? ரப்பரைப் பிய்த்துத்தான் திறக்க வேண்டும் என்றால், ஒருமுறை சர்வீஸ் போய்வந்ததும் அந்தக் கால் ஒட்டாது, லேப்டாப் மேஜையில் ஆடும்.

4. ஒரு முனையை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். உடம்பு முறுக்கிக்கொள்கிறதா? கீபோர்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். தொட்டில் மாதிரி குழிந்தால், பஸ் நெரிசலில் திரைக்கும் அதுதான் கதி.

5. ஒரு கையால் மூடியைத் திறந்து பாருங்கள். கீல் திரையைப் பிடித்து நிறுத்துகிறதா, ஆட்டினால் சாய்கிறதா?

6. இருபது நிமிடம் வீடியோ ஓட விட்டு, கீபோர்டுக்கு மேலே, திரைக்கு அருகில் உள்ள பகுதியைத் தொட்டுப் பாருங்கள். ஏ.சி.யில் அங்கே கை வைக்க முடியாவிட்டால் ஏப்ரலில் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

7. சார்ஜரைக் கையில் எடுங்கள். பி.ஐ.எஸ். முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் அதில் இருக்க வேண்டும். இல்லாத சார்ஜரை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பாதுகாப்பு

உலோக உடம்பு லேப்டாப்பைச் சார்ஜ் போட்டபடி தடவும்போது மெல்லிய ‘சுர்ர்’ என்று ஷாக் மாதிரி தெரிகிறதா? இரண்டு பின் சார்ஜர்களில் வருவது. பெரும்பாலும் ஆபத்தில்லை என்றாலும் எரிச்சல். மூன்று பின் வயருக்கு மாறுங்கள். அதற்கும் தெரிந்தால் வீட்டு எர்த் சரியில்லை என்று அர்த்தம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பழைய வீடுகளிலும் லயங்களிலும் இதைத் தள்ளிப்போடக்கூடாது.

ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பரிலும் சாயந்தர இடி கேரளத்தில் பேர்போனது. முதல் முழக்கம் கேட்டதும் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். லேன் வயர் செருகியிருந்தால் அதையும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

மெல்லிசு பேட்டரி கெட்டுப்போனால் பை மாதிரி உப்பும். அறிகுறிகள்: டச்பேட் அமுங்க மறுக்கும் அல்லது மேலே எழும்பும், மூடி முழுதாக மூடாது, மேஜையில் வைத்தால் நடுவில் உருளும். அப்போது:

1. சார்ஜரைப் பிடுங்குங்கள், அணைத்துவிடுங்கள்.
2. அழுத்தி மூடப் பார்க்காதீர்கள். கத்தி, ஸ்க்ரூ டிரைவர் கொண்டு நெம்பவே வேண்டாம். குத்தினால் தீப்பிடிக்கும்.
3. துணி, காகிதம், மெத்தை இல்லாத இடத்தில், சிமெண்ட் தரை மேல் வையுங்கள்.
4. சர்வீஸ் சென்டருக்குச் சொல்லிவிட்டுக் கொண்டுபோங்கள். பூட்டிய காருக்குள் வெயிலில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.
5. கழற்றிய பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடாமல் சர்வீஸ் சென்டரிலேயே விடுங்கள்.

கேமரா மேல் பிளாஸ்டிக் மூடி ஒட்டும் பழக்கம் இருந்தால் விடுங்கள். மெல்லிசுகளில் திரைக்கும் கீபோர்டுக்கும் இடையே இடைவெளியே இல்லை. மூடினால் அந்த மூடியே திரையை உடைக்கும். 2020இல் ஆப்பிள் இதற்கென்று தனியாக எச்சரிக்கை வெளியிட்டது. கீபோர்டு மேல் பேனா, ஒரு பக்க இயர்போன் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். ஜீப்பில் மலையேறும்போது பையைக் காலடியில் போடாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே போட்டால் மேலே ஏலக்காய் மூட்டை ஏறும்.

வாங்கிய முதல் வாரம்

1. பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும் வரை தெர்மகோல் உட்பட எல்லாம் இருக்கட்டும்.

2. பில், சீரியல் எண், அடிப்பக்க ஸ்டிக்கர் மூன்றையும் போனில் படம் எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பி வையுங்கள். ஈரத்தில் ஸ்டிக்கர் எழுத்து ஓரிரு வருடத்தில் மங்கிவிடும்.

3. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் வழியாகப் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். தெரியாவிட்டால் கடைக்காரரிடமே எடுத்துத் தரச் சொல்லுங்கள். வடிவமைத்த அளவு, இப்போதைய முழுச் சார்ஜ் அளவு என்று இரண்டு எண் இருக்கும். புதிதில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் நீண்ட நாள் கோடவுனில் கிடந்த சரக்கு, கெடு முடிவதற்குள் பேசுங்கள்.

4. கம்பெனியின் மென்பொருளில் ‘80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்து’ என்ற அமைப்பு இருக்கும். பாலக்காட்டுப் பக்கம் எப்போதும் சார்ஜில் போட்டே வேலை செய்பவர்கள் முதல் நாளே அதை ஆன் செய்யுங்கள். மலையில் இருப்பவர்கள் மழைக்காலத்தில் மட்டும் அதை எடுத்துவிட்டு நூறு வரை ஏற்றிக்கொள்ளுங்கள்.

5. ஒரு முழு நாள், உங்கள் நிஜமான வேலையை நிஜமான இடத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். வீட்டில் எழுதி வைத்த அந்தச் செருகும் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதையாவது செருக வழியில்லை என்றால் ஹப் வாங்க ஓடாதீர்கள். முதலில் லேப்டாப்பையே மாற்றித் தருவார்களா என்று கடையில் கேளுங்கள்.